கரிசல் காட்டு மேளமும் காது கூசுபவர்களும்

பங்குனி பிறந்துவிட்டால் புதூர்ப் பக்கம் சாயங்காலக் காற்றுக்கு ஒரு வேலை கூடிவிடும். எந்த ஊரில் மேளம் இறங்கியிருக்கிறது என்று அதுதான் கொண்டுவந்து சொல்லும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்ப்பார்.

"கெழக்கதான் கேக்கு. தவில் தெரியுது, நாயனம் தெரியல."

"காத்து திரும்பட்டும் மாமா. நாயனமும் வரும்."

வெள்ளாமை எடுத்து முடித்த நேரம். உளுந்தும் பாசியும் வீட்டுக்கு வந்துவிட்டன. மக்காச்சோளத் தட்டை மாட்டுக்குப் போய்விட்டது. கண்ணுக்கு எட்டிய வரை வெறும் கரிசல்தான். நடுநடுவே சீமைக்கருவேலம், தூரத்தில் ஒரு கோயில், அதன் பக்கத்தில் ஒரு வேப்பமரம். மறிக்க எதுவும் இல்லாததால் சத்தம் தடையில்லாமல் நடந்து வரும்.

அந்த மேளத்தைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டு. அதே மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அழுகிற பிள்ளைகளும் உண்டு. நெற்றியைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சாய்கிற அம்மாக்கள், காது மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிற தாத்தாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கரிசல் ஊர்த் திருவிழாவில் இவர்களுக்கும் இடம் உண்டா? உண்டு. எங்கே, எப்போது நிற்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோவில்பட்டி வழியாக

வெளியூர்க்காரர்கள் கோவில்பட்டியில் இறங்குவதுதான் வசதி. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில், ரயிலும் நான்குவழிச் சாலையும் தொடும் ஊர். தீப்பெட்டிக்கும், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலைமிட்டாய்க்கும் பேர்போனது. ஆனால் இந்தப் பயணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது காருகுறிச்சி அருணாசலத்தின் சிலையை.

1921-ல் பிறந்து 1964-ல் மறைந்த நாதஸ்வர மேதை அவர். பிறந்தது நெல்லைச் சீமையின் காருகுறிச்சியில் என்றாலும் வாழ்ந்தது கோவில்பட்டியில். 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போட்டுக்கொண்டு வரும் நாதஸ்வரம் அவருடையதுதான். படம் வந்தது 1962-ல். இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. கட்டையாக இருந்து உச்சத்தில் பேசும் திமிரி நாயனத்துக்குப் பதிலாக, நீளமாக, சுருதி தணிந்து பேசும் பாரி நாயனத்தைக் கொண்டுவந்தவர். காது கூசுபவர்களுக்கு இந்த மாற்றம் பெரிய விஷயம். மனிதக் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. நொடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரை உள்ள பகுதியில்தான் அது ரொம்பக் கூர்மை. பிள்ளையின் வீறிடல், பிரேக் கிறீச்சிடல், உச்ச ஸ்தாயி நாயனத்தின் காரம் எல்லாம் அந்தப் பக்கம்தான் குத்தும். சுருதி தணிந்தால் குத்தலும் கொஞ்சம் தணியும். 'நாதஸ்வரம்னாலே காதைக் கிழிக்கும்' என்று சொல்பவர்கள் காருகுறிச்சியாரின் ஒரு ராக ஆலாபனையைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசலாம்.

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் காலமானதும் இங்கேதான், அவருடைய சமாதி இருக்கிறது. வீணை இசையில் தோய்ந்த தீட்சிதரும் ஊரை அதிரவைக்கும் உறுமியும் ஒரே மண்ணில்! அடுத்தது விளாத்திகுளம். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடியவர் என்று இந்தப் பக்கம் இன்றும் பேசப்படும் நல்லப்ப சுவாமிகளின் ஊர். அங்கிருந்து வடக்கே, நாகலாபுரம் தாண்டிப் புதூர்.

விளாத்திகுளம் தாண்டியதும் ஜன்னலோரம் உட்காருங்கள். நிலம் அப்படியே விரிந்துவிடும். கோடையில் கரிசல் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும்.

யார் யார், எங்கே நிற்பார்கள்?

கொடை, பொங்கல் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். சாமி சாட்டி, காப்புக் கட்டி, முளைப்பாரி போட்டு, பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமையில் பொங்கல் வரும். மேள செட்டு வேனில் வந்து இறங்கும். இந்தப் பக்கம் அதற்குப் பெயர் நையாண்டி மேளம். கரகாட்டத்துக்கு வாசிப்பதும் இந்த செட்டுதான்.

இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு கைத்தாளம். இதுதான் பழைய கணக்கு. சில செட்டுகளில் உறுமியும் சேரும். பாட்டுக்காரர் கிடையாது. வார்த்தை ஏதும் இல்லாமல், வெறும் கருவிகளை வைத்துக்கொண்டு ஓர் ஊரையே எழுப்பி நிறுத்துவார்கள்.

காதில் இயர்போன் மாட்டி, பாட்டே இல்லாத கனமான கிதார் இசை கேட்கும் பிள்ளைகள் இந்த மேளத்தின் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் சொந்தக்காரனைப் பார்த்தது போலச் சிரிப்பார்கள். இரண்டிலும் ஒரே தந்திரம்தான். சத்தத்தைக் கேட்க வைப்பதோடு விடாமல், உடம்பில் பட வைப்பது.

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். பலாமரத்தைக் குடைந்து செய்த உடம்பு. வலது பக்கத்தில் விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள். துணியைப் பசையில் நனைத்துச் சுற்றிக் காயவைத்த கூடு, கல் மாதிரி இருக்கும். இடது பக்கத்துக்குப் பூவரசங் குச்சி. வலது பக்கம் 'டக்' என்று தலையில் தட்டும், இடது பக்கம் 'தொம்' என்று நெஞ்சில் இறங்கும். முன்னெல்லாம் தோல் வாரால் இழுத்துக் கட்டினார்கள். இப்போது இரும்பு வளையமும் நட்டு போல்ட்டும் வந்துவிட்டன. முறுக்க முறுக்கத் தோல் இறுகும், சத்தம் இன்னும் கூர்மையாகும். கடந்த சில பத்தாண்டுகளில் மேளத்தின் காரம் ஏறியதற்கு மைக் மட்டும் காரணமில்லை, இந்த போல்ட்டும்தான்.

பம்பை இடுப்பில் கட்டிய இரட்டைப் பறை. குச்சியால் அடிக்கும்போது மழை தகரத்தில் விழுகிற மாதிரி இடைவெளியே இல்லாமல் பொழியும். தமுக்கு சின்னது, ஆனால் அதன் அடி ஆணி அடிக்கிற மாதிரி. உறுமியைக் கேட்டால் வேறு கதை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது ஏதோ ஒரு மிருகம் வயிற்றுக்குள்ளிருந்து முனகுவது போல வரும். கூச்சம் உள்ள பலருக்கு இதுதான் எல்லாவற்றிலும் லேசாக இருப்பது. கூர்மை இல்லாமல் அடிவயிற்றுச் சத்தமாக, திடீரென்று குதிக்காமல் தொடர்ந்து வருவதால்.

உறுமியை மட்டும் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் தேவராட்டம் பார்க்க வேண்டும். இதே தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி அதற்குப் பேர்போன ஊர். ராஜகம்பளத்தார் ஆடும் ஆட்டம். தேவதுந்துபி என்று அவர்கள் சொல்லும் அந்த உறுமிக் கருவியின் அடிக்கு ஏற்றபடி கால் போடுவார்கள். ஆடுபவர் கையில் கைக்குட்டை, காலில் சலங்கை. நாயனத்தின் உச்சக் குரல் இல்லாததால் மேளத்துக்குப் பயப்படுகிற பிள்ளையைக் கூட்டிப்போக முதல் இடமாக இதையே சொல்லலாம்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

கண் கூசுகிறது என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை, நிழலுக்குக் கூட்டிப் போவார்கள். பல் கூசினால் ஐஸை எடுத்து வைத்துவிடுவார்கள். காது கூசுகிறது என்றால் மட்டும், "எல்லாரும் நிக்கல? உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வி வரும்.

உள்காதுக்கு முன்னால், நடுக்காதில், ஆறு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு தசை உண்டு. ஸ்டேபீடியஸ் என்று பெயர். உடம்பிலேயே மிகச் சின்ன தசைகளில் ஒன்று. பெரிய சத்தம் வந்தால் அது இறுகி, காது எலும்பைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே போகிற சத்தம் கொஞ்சம் குறையும். ஆனால் அது இறுகி முடிக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு வரைகூட ஆகலாம். தொடர்ந்து வரும் மேளத்துக்கு அது போதும். அதிர்வேட்டுக்குப் போதாது. தசை முழித்துக்கொள்வதற்குள் வேட்டு வெடித்து முடிந்திருக்கும். சிவகாசி பக்கத்தில் இருப்பதால் இந்தப் பக்கத்துத் திருவிழாக்களில் வேட்டுக்குக் குறைவே இருக்காது. பல பிள்ளைகள் உண்மையில் பயப்படுவது வேட்டுக்குத்தான். பழியை மேளம் சுமக்கிறது.

கூச்சத்திலும் பல வகை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சத்தம், வெளிச்சம், தொடுதல் எல்லாம் மற்றவர்களைவிடப் பல மடங்காகத் தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு வலி வரும் நாளில் பாத்திரம் விழுந்தால்கூட இடி. சாதாரணச் சத்தமே தாங்க முடியாமல் போவதற்கு ஹைப்பர்அக்யூசிஸ் என்று மருத்துவப் பெயர் உண்டு. காதில் சதா இரைச்சல் கேட்பவர்களில் பலருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கும்.

தாத்தாக்களின் கதை இன்னும் வேடிக்கை. "சத்தமாப் பேசு, கேக்கல" என்பார். சத்தமாகப் பேசினால், "ஏன் இப்படிக் கத்துத?" என்பார். வீட்டில் எல்லோரும் குணக்கேடு என்று நினைப்பார்கள். குணம் சரியாகத்தான் இருக்கிறது. உள்காதின் நுண்ணிய முடிச் செல்கள் குறைந்துபோனவர்களுக்கு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் ஓர் அளவைத் தாண்டினால் சத்தம் படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவிவிடும். கேட்காததற்கும் தாங்க முடியாததற்கும் நடுவில் அவர்களுக்குக் கிடைக்கிற இடம் ரொம்பக் குறுகல். மேளத்தடியில் அவர் முகத்தைச் சுளித்தால் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக் கொடுங்கள்.

இதில் எதிர்பாராத ஒரு விஷயம் உண்டு. காது கூசுபவர்களில் சிலருக்கு இந்தக் கனமான மேளம் பிடித்தே போகிறது. மிக்ஸி ஓடினால் ஓடிவிடும் பிள்ளை, தூரத்து மேளத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். மேளத்தில் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியும். குக்கர் விசில் எப்போது வரும் என்று தெரியாது. எதிர்பார்த்து நிற்கிற சத்தம் வேறு, மேலே வந்து விழுகிற சத்தம் வேறு.

இதை ஒட்டி ஒரு பழைய சோதனை இருக்கிறது. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் செய்தது. 1972-ல் புத்தகமாகவும் வந்தது. இரண்டு கூட்டத்தாருக்கு ஒரே இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மட்டும், 'தாங்க முடியாவிட்டால் இந்தப் பட்டனை அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும்' என்று ஒரு பட்டனைக் காட்டினார்கள். பெரும்பாலோர் அதை அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த வேலையைப் பட்டன் இருந்தவர்கள்தான் பொறுமையாக, குறைந்த தப்போடு செய்தார்கள். நிறுத்த முடியும் என்று தெரிந்திருந்ததே பாதிச் சத்தத்தைக் குறைத்துவிட்டது.

கம்மாக்கரை என்கிற பட்டன்

கரிசல் ஊர்களில் அந்தப் பட்டன் இருக்கிறது. கோயிலைச் சுற்றியிருக்கும் வெறுங்காடுதான் அது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். மேளத்திலிருந்து 4 மீட்டரில் 100 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 8 மீட்டரில் 94. பதினாறில் 88. முப்பத்திரண்டில் 82. கோயிலிலிருந்து 128 மீட்டர் தள்ளி ஒரு வேப்பமரம் இருந்தால் அதன் அடியில் 70. அது டிவி கொஞ்சம் சத்தமாக ஓடுகிற அளவு. கம்மாக்கரை அரைக் கிலோமீட்டர் என்றால் 58, இரண்டு பேர் பேசிக்கொள்ளும் சத்தம். உழுது பொதுபொதுவென்று கிடக்கும் மண் இன்னும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும்.

இதே மேளம் நகரத்துக் கல்யாண மண்டபத்தில் வாசித்தால் இந்தக் கணக்கு செல்லாது. நான்கு சுவரும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி எறியும், கடைசி வரிசைக்குப் போனாலும் தப்பிக்க முடியாது. கல்யாண மண்டபத்தில் மேளத்தைக் குறை சொல்பவர்கள் உண்மையில் கட்டடத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். திறந்த வெளிக்கென்று பிறந்த வாத்தியத்தைப் பெட்டிக்குள் அடைத்தால் அது என்ன செய்யும்?

ஊர்ப் பெரிய பெண்களுக்கு இந்த டெசிபல் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் இடம் தெரியும். முளைப்பாரிக் கூட்டத்தில் ஒரு பிள்ளை முகம் கோணினால் யாராவது ஒரு பாட்டி சொல்லிவிடுவார்.

"ஏத்தா, புள்ள காதப் பொத்துதான் பாரு. கம்மாக்கரைக்குக் கூட்டிட்டுப் போ. தீவாரணைக்குச் சொல்லி அனுப்புதேன்."

"சரி அத்த."

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கு ஒரு விதிமுறை வெளியிட்டது. பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, வருபவர்களுக்குக் காது அடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓர் இடம் வேண்டும் என்கிறது அது. மை பிளடி வேலன்டைன் என்ற ராக் இசைக்குழு 2008 கச்சேரிகளில் காது அடைப்பான் கொடுத்தே ரசிகர்களை உள்ளே விட்டது. அவ்வளவு சத்தம், வெளியே போக வழியில்லாத அரங்கம். கரிசலில் மூன்றாவது விதிக்குத் தனியாக யாரும் செலவு செய்ய வேண்டியதில்லை. முதல் இரண்டுதான் பாக்கி.

தூரக் கணக்கைக் காற்றும் வெயிலும் மாற்றும். நடுப்பகலில் கரிசல் கொதிக்கும். கறுப்பு மண் வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். தரையை ஒட்டிய காற்று சூடாக, மேலே இருப்பது குளிர்ச்சியாக இருந்தால் சத்தம் மேல் நோக்கி வளைந்து போய்விடும். அதனால் மதியப் பூசைக்கு மேளம் எவ்வளவு அடித்தாலும் பக்கத்து ஊருக்குச் சரியாகக் கேட்காது. ராத்திரி கதை தலைகீழ். வானம் தெளிவாக இருந்தால் மண் சீக்கிரம் ஆறும். தரைக் காற்று குளிர்ந்து, சூடான காற்று மேலே நிற்கும். மேலே போன சத்தம் வளைந்து தரைக்கே திரும்பும். சாமப் பூசை மேளம் நாலு ஊர் தள்ளித் தூங்குகிறவரை எழுப்புவது இப்படித்தான். காது கூசுபவர்களுக்கு மதியப் பூசை நல்லது என்று சொல்ல இதுவும் ஒரு காரணம். ராத்திரி என்றால் காற்று வீசும் திசைக்கு எதிர்ப் பக்கம் போய் உட்கார வேண்டும்.

இந்தப் பட்டனை உடைத்தது கூம்புக் குழாய். மேளத்தின் முன்னால் ஒரு மைக்கை நட்டு, ஊர் முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டிவிட்டால் தூரம் என்பதே இல்லாமல் போய்விடுகிறது. கம்மாக்கரைக்குப் போனால் அங்கேயும் ஒரு குழாய்! நாயனத்தின் கீழ்க் குரலையும் தவிலின் 'தொம்'மையும் அந்தக் குழாய் சொல்லாது. காரமான உச்சத்தை மட்டும் பிழிந்து கொடுக்கும். பிடிக்கிற பாதி போய், குத்துகிற பாதி மட்டும் வீடு தேடி வரும். நாலு ஊருக்குத் தானாகவே கேட்கிற வாத்தியத்துக்கு மைக் எதற்கு என்று விழாக் கமிட்டியில் ஒருவராவது கேட்கலாம். சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம்.

கூச்சமுள்ள பிள்ளையோடு போகிறவர்களுக்கு

திருவிழாவுக்கு ஒரு வரிசை உண்டு. அதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது பாதி வேலை. முதலில் மேளம் தெருத் தெருவாக வரும், அப்புறம் பூசை, அப்புறம் மணி அடிப்பார்கள், அப்புறம்தான் பெரிய சத்தம் என்று. தீபாராதனை நேரம்தான் உச்சம். மணி, மேளம், பெண்களின் குலவை, வேட்டு நான்கும் ஒரே நேரத்தில் எழும். சாமியாடிக்கு அருள் வரும்போது தவில் துரிதகதிக்குப் போகும். இந்த இரண்டு நேரத்தையும் தள்ளி நின்று கடந்துவிட்டால் மிச்சம் சமாளிக்கலாம். மணிச்சத்தம் முதலில் வருவதால் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். மணி கேட்டால் நடக்க ஆரம்பிப்பது.

பஞ்சை உருட்டிக் காதில் வைப்பது மனத் திருப்திக்குத்தான், சில டெசிபலுக்கு மேல் குறையாது. காதை முழுசாக மூடும் இயர்மஃப் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். முதல் தடவையே திருவிழாவில் மாட்டிவிடாமல் வீட்டில் ஒரு வாரம் பழக்க வேண்டும். அதே சமயம் எந்நேரமும் அதை மாட்டிக்கொண்டே இருந்தால் காது இன்னும் கூச ஆரம்பித்துவிடும் என்று ஒலியியல் நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். மேளத்துக்கு மாட்டலாம், தெருவில் நடக்கும்போது கழற்றிவிடலாம்.

வந்ததும் நேராகக் கோயிலுக்குப் போகாமல் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். முதலில் கம்மாக்கரை. பிள்ளை தானாக எழுந்து நடந்தால் வேப்பமரம் வரை. அங்கே முகம் மாறினால் அங்கேயே நிற்கலாம். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். அடுத்த வருஷம் இன்னும் பத்தடி கூடலாம், கூடாமலும் போகலாம். மேள செட்டு இளைப்பாறும் நேரத்தில் தவிலைத் தொட்டுப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். "ஒண்ணும் செய்யாது தம்பி, மெதுவாத் தட்டு" என்று அண்ணன்மாரே கையைப் பிடித்து வைப்பார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கையால் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு மறுபடி அது கேட்கும்போது பயம் குறைவாக இருக்கும்.

மேளக்காரர்களோடு பேசும்போது இன்னொன்றும் கண்ணில் படும். 85 டெசிபல் என்றால் காதுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குக் கணக்குப் போட்டால் 15 நிமிடம். செவ்வாய் காலை தொடங்கி புதன் மஞ்சள் நீராட்டு வரை வாசிக்கிறவர், பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஊர் ஊராகப் போகிறவர், மேளத்துக்கு 4 மீட்டர் தள்ளி நிற்பதில்லை. மேளமே அவர் வயிற்றில்தான் இருக்கிறது, பக்கத்தில் நிற்பவரின் நாயனம் அவர் காதோரத்தில். இந்த ஊரில் கம்மாக்கரைக்குப் போக முடியாத ஒரே ஆள் அவர்தான்.

சுருதி மாறாமல் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைத்துக் கொடுக்கிற, இசைக்கலைஞர்களுக்கென்றே செய்த காது அடைப்பான்கள் உலகச் சந்தையில் இருக்கின்றன. மேற்கத்திய சிம்பொனி இசைக்குழுக்களில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கரிசல் பக்கத்து மேள செட்டில் அதைப் பார்ப்பது அபூர்வம். நாயனக்காரர் சிரித்துவிடுவார், "காத மூடிக்கிட்டு வாசிச்சா சாமி எப்படிய்யா வரும்?" என்று. சிரிப்பு அடங்கியதும் டீ வரும். டீ வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டது தவில்காரருக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை கேட்பார். விரலில் மாட்டிய கூட்டை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "சீனி கம்மியா" என்பார். அடுத்த ஊருக்கு வேன் வந்து நிற்கும்.